கோலம் போடக் குனிந்தால் படபடப்பு: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் ஆறை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். ஊர் வேறு, வயது வேறு, உபாதையும் வேறு வேறுதான். ஆனால் ஐந்து கடிதத்தில் ஒரே வரி ஏதாவது ஒரு வடிவத்தில் வருகிறது: 'வைத்தியம் பார்த்தும் தீரவில்லை.' மீதி ஒரு கடிதம் அதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது. சளி, காய்ச்சல், சர்க்கரைக் கேள்விகள் எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 46. இரண்டு வருடமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மண்டை பிளக்கிற மாதிரி தலைவலி, ரவிக்கையைப் பிழியலாம் போல வியர்வை. கால் மணி நேரம் இருக்கும், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடும். இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது, எதிலும் குறை இல்லை. பிரஷர் ஒரு நாள் 130, ஒரு நாள் 200. மாதவிலக்கு நிற்கிற வயது என்றார்கள், பிறகு மனப்பதற்றம் என்று மாத்திரை கொடுத்தார்கள். காலையில் வாசலில் கோலம் போடக் குனிந்தால் பாதி நாள் வந்துவிடுகிறது. மாமியார் மிளகாய் சுற்றிப் போடுகிறார். 'நீயே நினைத்து நினைத்து வரவழைத்துக்கொள்கிறாய்' என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனநோயா?
வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். படபடப்பும் வியர்வையும் எழுதுகிறவர்கள் வாரத்துக்குப் பத்துப் பேர். அதில் ஒன்பது பேருக்கு மனப்பதற்றம், ரத்தசோகை, தைராய்டு, இல்லையென்றால் மாதவிலக்கு நிற்கிற காலத்தின் உபாதை. (மனப்பதற்றமும் நிஜமான வியாதிதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.) ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயம் என்னை நிறுத்திவிட்டது. ஒன்று, 130-க்கும் 200-க்கும் இடையே தாவுகிற பிரஷர். இன்னொன்று, கோலம்.

குனியும்போது வயிறு அமுங்கும். வயிற்றுக்குள் இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது, அட்ரீனல் என்று பெயர். பாம்பைக் கண்டால் நமக்கு நெஞ்சு அடித்து, வியர்த்து, ஓடத் தோன்றுகிறதே, அந்த ரசாயனத்தைச் சுரப்பது அதன் உள்பகுதி. அங்கே அபூர்வமாக ஒரு கட்டி வரும், ஃபியோகுரோமோசைட்டோமா என்பார்கள். பாம்பே இல்லாமல் பாம்பைக் கண்ட ரசாயனத்தை அது நினைத்த நேரத்தில் ரத்தத்தில் கொட்டும். குனிந்தால், கனமான தூக்கைத் தூக்கினால், வயிற்றை அமுக்கினால் கொட்டும், சிலருக்கு எந்தக் காரணமும் இல்லாமலும் கொட்டும். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து சேர்ந்தே போவதுதான் அதன் பழைய அடையாளம். ஜெர்மனியில் ஃபிரைபர்க் என்ற ஊரில் 18 வயதுப் பெண் ஒருத்தி இதே மாதிரி படபடப்போடும் தலைவலியோடும் வந்து இறந்துபோனதை 1886-ல் எழுதி வைத்தார்கள், இரண்டு அட்ரீனலிலும் கட்டி இருந்தது. 121 வருடம் கழித்து, 2007-ல், அவளுடைய குடும்பத்து வழிவந்தவர்களிடம் அந்தக் கட்டியை வரவழைக்கும் மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். இந்தக் கட்டி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது அது பரம்பரை வழி வந்தது. அதனால் உங்கள் அப்பச்சி, ஆத்தா வழியில் யாருக்காவது சின்ன வயதிலேயே பக்கவாதம், திடீர் மரணம், தைராய்டு கட்டி, அறுவை மேசையில் பிரஷர் ஏறிப் போனது என்று ஏதாவது கேள்விப்பட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், நானே ஒருமுறை தவறவிட்டிருக்கிறேன். இருபது வருடத்துக்கு முன்னால், கண்டனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி வருவார். உங்கள் வயதுதான். நாலு மாதம் பதற்ற மாத்திரை எழுதிக் கொடுத்தேன், மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அந்தக் கவலை என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன். ஒரு நாள் என் அறையிலேயே, செருப்பை மாட்டக் குனிந்தவர், அப்படியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். முகம் நம் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்துப்போயிற்று. மாதவிலக்கு நிற்கும் காலத்துச் சூட்டில் முகம் சிவக்கும், இதில் பெரும்பாலும் வெளுக்கும். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை, கழுத்து நரம்பு துடிப்பது எட்டி நின்றால்கூடத் தெரிந்தது. பிரஷர் 230-க்கு 130. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன், இருபதாவது நிமிடத்தில் 140-க்கு 90. 'இதைத்தான் டாக்டர் நாலு மாதமாகச் சொல்கிறேன்' என்றார். குரலில் கோபம்கூட இல்லை. மதுரைக்கு அனுப்பினோம், இடது அட்ரீனலில் நல்ல எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. எடுத்த பிறகு அவருக்குப் பிரஷர் மாத்திரையே தேவைப்படவில்லை. அன்றைக்கு அவர் குனியாமல் போயிருந்தால் நான் இன்னும் எத்தனை மாதம் அதே மாத்திரையை எழுதியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

உங்களுக்கு இதேதான் என்று நான் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆயிரம் பேரைத் தேடினால் இரண்டிலிருந்து ஆறு பேருக்குத்தான் இந்தக் கட்டி இருக்கும். ஆனால் உங்களுக்கு அந்த ஒரு பரிசோதனை எடுத்தே ஆக வேண்டும். அட்ரீனல் ரசாயனம் உடைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் ரத்தத்தில் எவ்வளவு என்ற அளவு, அல்லது 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பிடித்து அதில் அதே அளவு. ரத்தம் கொடுக்கிறீர்கள் என்றால் அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருந்து படுத்தபடியே கொடுக்க வேண்டும், அன்று காலை காபி வேண்டாம். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இந்த அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும், அதனால் சாப்பிடுகிற மாத்திரை அட்டை அத்தனையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். முறையாக எடுத்து அளவு சரியாக வந்துவிட்டால் இந்தக் கட்டி இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்லிவிடலாம், நிம்மதியாகப் பதற்றத்துக்கு வைத்தியம் பார்க்கலாம். கொஞ்சம் கூடுதலாக வந்தால் பயப்படாமல் மறுபடி எடுக்க வேண்டும். மூன்று நாலு மடங்கு கூடுதல் என்றால் அப்போதுதான் சிடி ஸ்கேன்.

இன்னும் ஒன்று, இதை உங்கள் டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். படபடப்புக்கு நம் ஊரில் சட்டென்று எழுதுவது பிராப்ரனலால் மாதிரியான பீட்டா பிளாக்கர் மாத்திரை. பதற்றத்துக்கு அது நல்ல மருந்து. இந்தக் கட்டி இருக்கிறவருக்கு அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் பிரஷர் தறிகெட்டு ஏறலாம். முதலில் ஆல்பா பிளாக்கர் என்ற இன்னொரு வகை மாத்திரையைக் கொடுத்து ரத்தக் குழாய்களைத் தளர்த்த வேண்டும், அதற்குப் பிறகுதான் இது. அறுவைக்கு முன்னாலும் ஒன்றிரண்டு வாரம் அந்த ஆல்பா மாத்திரையும் தண்ணீரும் உப்பும் கொடுத்துத் தயார் செய்துதான் மேசையில் ஏற்றுவார்கள். பரிசோதனை முடிகிறவரை பல் பிடுங்குவது, குடலிறக்க அறுவை என்று தள்ளிப்போடக்கூடிய எதையும் தள்ளிப்போடுங்கள்.

வீட்டில் ஒரு பிரஷர் கருவி வாங்கி வைத்துக்கொண்டு, படபடப்பு வருகிற அந்தக் கால் மணி நேரத்துக்குள் பாருங்கள், போன பிறகு பார்த்துப் பயனில்லை. பக்கத்தில் இருப்பவர் முகத்தைக் கைபேசியில் வீடியோ எடுக்கட்டும். தினசரிக் காலண்டர் தாளிலேயே மணி, அளவு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று குறித்து வையுங்கள். பத்துத் தாள் சேர்ந்ததும் அதைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும், எந்த டாக்டரும் 'மனசு' என்று சொல்லிவிட்டு நகர முடியாது.

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. இரண்டு வருடமாக வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறார். விடியற்காலையில் எழுப்பினால் சில நாள் யார் என்றே தெரியாமல் உளறுகிறார், சட்டை நனைய வியர்க்கிறது. இந்தத் தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழநிக்குப் பாதயாத்திரை போனபோது காலையில் வெறும் வயிற்றில் நடந்துகொண்டிருந்தவர் மயங்கி விழுந்துவிட்டார். யாரோ பானகம் கொடுத்தார்கள், ஐந்து நிமிடத்தில் எழுந்து 'என்ன ஆச்சு' என்கிறார். தலை ஸ்கேன் இரண்டு முறை எடுத்தும் ஒன்றும் இல்லை. ஒரு வருடத்தில் எட்டுக் கிலோ ஏறிவிட்டார். வலிப்பு மாத்திரையின் அளவைக் கூட்டலாமா?
வாசகி, பள்ளத்தூர்

பதில்: பானகம் கொடுத்த அந்தப் புண்ணியவானுக்கு நன்றி சொல்லுங்கள். அவர் அறியாமலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிட்டார். வெல்லம் உள்ளே போனதும் தெளிந்தார் என்றால், மூளைக்குச் சர்க்கரை போதாமல்தான் விழுந்திருக்கிறார் என்ற சந்தேகம் வலுவாகிறது. லோ சுகரில் உளறல், கோபம், குடித்தவர் மாதிரி நடை, வலிப்பு எல்லாமே வரும், தலை ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. வலிப்பு மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன்னால் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை வியாதி இல்லாதவருக்கு ஏன் சர்க்கரை இறங்குகிறது? முதலில் வீட்டு மாத்திரை டப்பாவைப் பாருங்கள். உங்களுக்கோ உங்கள் மாமியாருக்கோ சர்க்கரை மாத்திரை இருந்து, இரண்டு பேர் மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடந்து, அவர் தவறுதலாக அதைப் போட்டுக்கொள்கிறாரா? சிரிக்காதீர்கள், இது நடக்கிறது, கண்ணாடி போடாமல் விடியற்காலை மாத்திரை எடுக்கிற வீடுகளில் நான் பார்த்திருக்கிறேன். மது, கல்லீரல், சிறுநீரகக் கோளாறும் இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். இவை எதுவும் இல்லையென்றால் கணையத்தில் இன்சுலினோமா என்ற சின்னக் கட்டியை நினைக்க வேண்டும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிலிருந்து நாலு பேருக்குத்தான் வருகிற கட்டி என்பதால் வலிப்பு என்றும் மனநோய் என்றும் வருடக்கணக்கில் தப்பிவிடுகிறது. பசி தாங்காமல் அடிக்கடி சாப்பிட்டு எடை ஏறுவதும் இதில் உண்டு, உங்கள் கடிதத்தில் அந்த எட்டுக் கிலோவைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1930-களில் மூன்று விதி வகுத்தார், இன்றைக்கும் அதைத்தான் பார்க்கிறோம். லோ சுகருக்கு உரிய தொந்தரவு இருக்க வேண்டும், அந்த நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை உண்மையிலேயே குறைந்திருக்க வேண்டும், சர்க்கரை கொடுத்ததும் தெளிய வேண்டும். உங்களுக்கு முதலும் மூன்றாவதும் இருக்கின்றன, நடுவில் உள்ளது மட்டும் பாக்கி. வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துக்கொண்டு உளறும்போது விரலில் குத்திப் பாருங்கள். 55-க்குக் கீழே இருந்தால் குறித்துக்கொண்டு உடனே சர்க்கரை கொடுங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அதன் பிறகு நாளமில்லாச் சுரப்பி நிபுணர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, 72 மணி நேரம் வரை பட்டினி போட்டு, சர்க்கரை இறங்கும் நேரத்தில் ரத்தத்தில் இன்சுலினும், அதோடு சேர்ந்தே சுரக்கும் சி-பெப்டைடும் எவ்வளவு என்று பார்ப்பார். முக்கால்வாசிப் பேருக்கு மேல் 48 மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். இந்தப் பட்டினியை வீட்டில் சஷ்டி விரதம் மாதிரி நீங்களே வைத்துப் பார்க்கவே கூடாது. கட்டி பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பதால் சாதாரண வயிற்று ஸ்கேனில் தப்பும், எண்டோஸ்கோப்பி வழியாக உள்ளே போய் எடுக்கும் அல்ட்ராசவுண்டில் சிக்கும். பத்தில் ஒன்பது சாதுவான கட்டி, எடுத்தால் தீர்ந்தது.

அதுவரை ராத்திரி படுக்கும் முன் ஏதாவது சாப்பிடட்டும், வண்டி ஓட்ட வேண்டாம். பிள்ளையார் நோன்பு வருகிறது, இந்த வருடம் அவர் பட்டினி இருக்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் ஆத்தங்குடியில் தரைக் கல் (டைல்) செய்கிற தொழிலாளி. 42 வயது. மூன்று வருடமாக இடுப்பும் தொடையும் வலி, குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை, வாத்து மாதிரி நடக்கிறேன். இருமியதில் விலா எலும்பு விட்டுவிட்டது. தேய்மானம் என்றார்கள், வைட்டமின் டி, கால்சியம் ஊசி எல்லாம் போட்டாகிவிட்டது. வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது.
வாசகர், ஆத்தங்குடி

பதில்: தம்பி, கண்ணாடிச் சட்டத்தின் மேல் குந்தி உட்கார்ந்து, அச்சுக்குள் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்கி, நாள் முழுக்க எழுந்து உட்கார்கிற வேலை உங்களுடையது. அந்த வேலையைப் பார்த்த எந்த டாக்டருக்கும் 'தேய்மானம்' என்றுதான் முதலில் தோன்றும், தவறு சொல்ல முடியாது. ஆனால் 42 வயதில் இருமலுக்கு விலா எலும்பு விடுவது தேய்மானத்தில் சேராது. எலும்பு தேயவில்லை, கெட்டிப்படாமல் மெத்தென்று இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

அதற்கு நம் ஊரில் முதல் காரணம் வைட்டமின் டி குறைவுதான். அதைக் கொடுத்தும் சரியாகவில்லை என்றால் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை, ரத்தத்தில் பாஸ்பேட், கால்சியத்தோடு சேர்ந்து எலும்பைக் கெட்டிப்படுத்துகிற உப்பு அது. ரொம்பச் சாதாரணமான பரிசோதனை, சின்ன லேபிலும் எடுப்பார்கள். ஆனால் கால்சியம் பார்க்கிற கை அநேகமாக இதை எழுத மறந்துவிடும். பெரியவர்களுக்கு 2.5-லிருந்து 4.5 வரை இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்து, அடிக்கடி 2-க்குக் கீழே வந்தால், உடம்பு பாஸ்பேட்டைச் சிறுநீரில் கொட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லீரல் மஞ்சள்காமாலைக் கிருமிக்கோ எச்ஐவிக்கோ கொடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரை, இரும்புச்சத்துக்காக நரம்பில் ஏற்றும் ஒருவகை ஊசி, இவையும் இப்படிச் செய்யும், போட்டிருந்தால் சொல்லுங்கள்.

அதுவும் இல்லையென்றால், உடம்பில் எங்கோ ஒரு பட்டாணி, ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி ஒளிந்துகொண்டு எஃப்ஜிஎஃப் 23 என்ற சுரப்பைச் சுரந்து, சிறுநீரகத்தை ஏமாற்றிப் பாஸ்பேட்டை வெளியேற்றச் செய்துகொண்டிருக்கலாம். கட்டி வலிக்காது. உள்ளங்காலில், தொடையில், இடுப்பு மடிப்பில், தாடை எலும்பில், மூக்கின் உள் அறையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். இதை வாத நோய், முதுகுத்தண்டு நோய், ஏன், மனநோய் என்றுகூட வருடக்கணக்கில் வைத்தியம் செய்து, சக்கர நாற்காலிக்குப் போன பிறகு கண்டுபிடித்த கதைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. இன்று குளிக்கும்போது உள்ளங்காலிலிருந்து ஆரம்பித்து விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள், ஈறு, தாடை வரைக்கும். பல வருடமாக இருக்கிற, வலிக்காத, நீங்களே மறந்துபோன சின்ன உருண்டை ஏதாவது தட்டுப்பட்டால் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள். தட்டுப்படாவிட்டால் பெரிய நகரங்களில் காலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, தலையிலிருந்து கால்வரை தேடும். கட்டியை முழுதாக எடுத்தால் பாஸ்பேட் சில நாட்களில் ஏறிவிடும், எலும்பு கெட்டிப்பட மாதங்கள் ஆகும், ஆனால் ஆகும். கட்டி அகப்படாதவர்களுக்குப் பாஸ்பேட்டும் ஒருவகை வைட்டமின் டியும் மருந்தாகவே கொடுக்கிறோம்.

முதலில் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பாஸ்பேட்டை எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டு போங்கள். இன்னும் நிறைய வருடம் வேலை செய்ய வேண்டிய கை உங்களுடையது.

கேள்வி: 15 வயது மகன். எட்டு மாதமாக வலது தொடையில் ஒரே இடத்தில் ராத்திரி வலி, அழுதுகொண்டே எழுந்து உட்கார்கிறான். வலி மாத்திரை போட்டால் அரை மணியில் தூங்கிவிடுகிறான். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது, வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்கிறார்கள்.
வாசகர், காரைக்குடி

பதில்: வளர்ச்சி வலி சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, சாயங்காலமோ ராத்திரியோ இரண்டு காலிலும் வரும், இடம் மாறும், கொஞ்சம் அமுக்கிவிட்டால் போய்விடும், காலையில் பிள்ளை ஓடியாடும். உங்கள் மகனுக்கு ஒரே கால், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடம், எட்டு மாதம். இது வளர்ச்சி வலி அல்ல.

ராத்திரி வலியும், ஐபுரூஃபன் மாதிரியான வலி மாத்திரைக்கு அரை மணியில் அடங்குவதும் சேர்ந்தால் எங்களுக்கு உடனே நினைவுக்கு வருவது ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா. எலும்புக்குள் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு கூடு. புற்றுநோய் இல்லை, பரவாது. வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டினை அதுவே ஏராளமாகச் சுரக்கிறது, மாத்திரை அதைத் தடுப்பதால்தான் அவ்வளவு சுருக்காகக் கேட்கிறது. எக்ஸ்ரேயில் தப்பக்கூடியது, வலிக்கிற இடத்தை மட்டும் மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சிடியில் நன்றாகத் தெரியும். ஊசி மாதிரி ஒரு கம்பியைச் செலுத்திச் சூட்டில் பொசுக்கிவிடுகிறார்கள், பெரும்பாலான பிள்ளைகள் இரண்டொரு நாளில் வலியில்லாமல் தூங்குகிறார்கள். எலும்பு மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள், மாதக்கணக்கில் வலி மாத்திரை கொடுத்தால் வயிறும் சிறுநீரகமும் கெடும். வீக்கம், காய்ச்சல், எடை குறைவு, நொண்டல் இதில் எது இருந்தாலும் வாரம்கூட வேண்டாம், நாளைக்கே போங்கள். அது வேறு மாதிரியான கட்டியாகவோ எலும்புக்குள் சீழாகவோ இருக்கலாம், அங்கே ஒவ்வொரு நாளும் முக்கியம்.

கேள்வி: உங்கள் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறேன். படிக்கப் படிக்க எல்லா நோயும் எனக்கு இருப்பதாகவே தோன்றுகிறது. எந்தத் தொந்தரவும் இல்லை, ஆனால் மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பி முழு உடம்பு ஸ்கேன் எடுத்துக்கொள் என்கிறான். எடுக்கலாமா? வயது 67.
வாசகர், கோட்டையூர்

பதில்: வேண்டாம் ஐயா. பிள்ளையின் பாசத்துக்கு மறுப்புச் சொல்லவில்லை, அந்தப் பணத்தில் சர்க்கரை, பிரஷர், கண், சிறுநீரகம் பாருங்கள். உங்கள் வயதில் வயிற்றை ஸ்கேன் எடுத்தால் நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அட்ரீனலில் ஏதோ ஒரு சின்னக் கட்டி தெரியும், பெரும்பாலானவை சாகும்வரை ஒன்றும் செய்யாதவை. தெரிந்துவிட்டால் உங்களால் தூங்க முடியாது, அதற்கு ரத்தப் பரிசோதனை, மறு ஸ்கேன் என்று வருடம் ஓடும். தேவகோட்டை ஆச்சிக்கு நான் முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் ஸ்கேன் என்று சொன்னதும் இதனால்தான். ஒருவேளை ஏற்கெனவே எடுத்து அப்படி ஏதாவது தெரிந்திருந்தால், மெட்டாநெஃப்ரின் பார்க்காமல் அந்தக் கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், அது ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: என் தங்கைக்கு 29 வயது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. பரிசோதனை எதுவும் எடுக்காமலே டிபி என்று மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். நாலு மாதம் ஆகிறது, கட்டி பெரிதாகிக்கொண்டே போகிறது, ராத்திரியில் வியர்க்கிறது, உடம்பெல்லாம் அரிப்பு. இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள் என்கிறார்கள்.
வாசகி, புதுவயல்

பதில்: பொறுக்க வேண்டாம். கழுத்து நெறிக்கு நம் நாட்டில் டிபியை நினைப்பது நியாயம்தான், அது அவ்வளவு சாதாரணமாக இருக்கிறது. டிபி நெறியேகூட மருந்து ஆரம்பித்த பிறகு கொஞ்ச காலம் வீங்கி அப்புறம் வடிவது உண்டு. ஆனால் ஒரு துளிச் சதைகூட எடுத்துப் பார்க்காமல் தொடங்கிய வைத்தியத்தில், நாலு மாதத்துக்குப் பிறகும் கட்டி வளர்ந்தால், அது வடியும் வீக்கம்தான் என்று யாரும் நம்பச் சொல்ல முடியாது. ராத்திரி வியர்வையும் காய்ச்சலும் எடைக் குறைவும் டிபிக்கும் உண்டு, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் உண்டு. வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது, அந்த அரிப்பு எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகத்தைக் கூட்டுகிறது.

அறுவை மருத்துவரிடம் போய் ஒரு நெறியை முழுதாக எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் பரிசோதனை டிபிக்கு அநேகமாகப் போதும், லிம்ஃபோமாவுக்குப் பல சமயம் போதாது, நெறியின் உள் அமைப்பு முழுதாகத் தெரிந்தால்தான் வகை பிரிக்க முடியும். எடுத்த சதையில் பாதியை, சதை கெடாமல் வைக்கிற ஃபார்மலின் மருந்தில் போடாமல் டிபிக்கான சிபிநாட் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள், இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிடுவார்கள், அப்புறம் அந்தச் சதையில் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. பயாப்ஸி முடிகிறவரை வீக்கம் குறைய என்று யாராவது ஸ்டீராய்டு கொடுத்தால் வாங்காதீர்கள், லிம்ஃபோமாவைக் கொஞ்ச காலம் கரைத்து மறைத்துவிடும். டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், முடிவு வந்த பிறகு டாக்டர் சொல்லட்டும்.

லிம்ஃபோமாவாகவே இருந்தாலும், இந்த வயதில் வருகிறவற்றில் பல வகை மருந்திலேயே முழுதாகக் குணமாகிறவை. தங்கையைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். பயாப்ஸி எந்தத் தேதி என்று தெரிந்ததும் ஒரு வரி எழுதுங்கள், ரிப்போர்ட்டைப் படித்துப் பார்க்க நான் காத்திருக்கிறேன்.